எலுமிச்சம்பழமும் அணுக் கடிகாரமும்

திருச்செந்தூர்க் கோயிலைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சூரசம்ஹாரக் கதை அல்ல, டச்சுக்காரர்கள் கதைதான். திருமலை நாயக்கர் காலத்தில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்துக்கொண்டு அட்டகாசம் செய்தார்கள். போகும்போது சண்முகர் விக்கிரகத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுக்கடலில் புயல் வந்தது. பயந்து போய் விக்கிரகத்தைக் கடலில் போட்டுவிட்டார்கள். திருநெல்வேலியில் இருந்த வடமலையப்ப பிள்ளை மனம் நொந்து வேறு விக்கிரகம் வார்க்கச் சொன்னார். அப்போது முருகன் கனவில் தோன்றி, "கடலில் எந்த இடத்தில் எலுமிச்சம்பழம் மிதக்கிறதோ, அதற்கு மேலே ஆகாயத்தில் எங்கே கருடன் வட்டமிடுகிறதோ, அங்கே மூழ்கிப் பார்" என்றான். அப்படியே தேடி, 1653-ம் வருஷம் விக்கிரகத்தை எடுத்தார்கள் என்பது ஸ்தல வரலாறு.

இந்தக் கதையை நான் சிறு வயதில் கேட்டபோது பக்தியில் மெய்சிலிர்த்தேன். இப்போது கேட்கும்போது வேறொரு யோசனை வருகிறது. கடலில் ஓர் இடத்தைக் குறித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டமான காரியம், பாருங்கள்! தரையில் என்றால் ஆலமரம், மைல்கல், செட்டியார் கடை என்று ஏதாவது ஓர் அடையாளம் சொல்லலாம். கடலில் என்ன அடையாளம் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆகையால் முருகப் பெருமானே கடல்மேல் ஒரு குறியும் ஆகாயத்தில் ஒரு குறியும் வைக்க வேண்டியிருந்தது. ஆகாயத்தில் வட்டமிடும் ஒன்றைப் பார்த்துக் கடலில் நாம் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது என்ற யோசனை அந்தக் கதையிலேயே இருக்கிறது. கருடனுக்குப் பதிலாகச் செயற்கைக் கோள் வந்தது மட்டும்தான் புதிது.

சென்ற தடவை திருச்செந்தூருக்குப் போனபோது இந்த விஷயம் என்னை ஒரு பிடி பிடித்துக்கொண்டது. காரணம் என்னுடைய செல்போன். கோயிலின் கருங்கல் சுவரை ஒட்டி நின்றுகொண்டு, நாழிக் கிணற்றுக்கு வழி பார்ப்போம் என்று அதை எடுத்தேன். நான் கடலுக்குள் நிற்பதாக அது காட்டியது! வேஷ்டி நனையவில்லை என்பதைத் தவிர அதை மறுக்க என்னிடம் வேறு சாட்சி இல்லை. கூட வந்த பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா, அதை ரெண்டு ஆட்டு ஆட்டுங்க, சரியாயிடும்" என்றாள். ஆட்டினேன். நீலப் புள்ளி கடலிலிருந்து கரையேறி, ஒரு கடையின் கூரையைத் தாண்டி, மெள்ள என்னிடம் வந்து சேர்ந்தது.

அன்று மாலை அமலி நகர்க் கடற்கரையில் இந்த வேடிக்கையை ஒரு வயதான மீனவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கரையில பத்து இருபது மீட்டர் தப்புனா உங்களுக்கு கிணறுதான் தப்பும் ஐயா. எங்களுக்கு அப்படியா?" என்றார்.

அவருடைய கேள்வியின் பொருளைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் வாலிபத்தில் எப்படி இடம் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். மன்னார் வளைகுடாவின் அடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் 'பார்' என்பார்கள். மீன் கூட்டம் அங்கேதான் இருக்கும். மேலே எங்கு பார்த்தாலும் ஒரே தண்ணீர். கீழே எங்கே பார் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

"கோபுரமும் அதுக்குப் பின்னால தெரியுற மலையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வரணும். தெக்கே மணப்பாட்டுக் கோயிலும் மணல் மேடும் ஒண்ணாச் சேரணும். ரெண்டும் சேந்தா அதுதான் இடம். நங்கூரத்தைப் போட வேண்டியதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் வரைந்து பார்த்தேன். ஒன்பது நிலை ராஜகோபுரமும் மேற்கு மலையின் சிகரமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது ஒரு கோடு கிடைக்கிறது. மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயிலை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகள் ஓரிடத்தில்தான் வெட்டிக்கொள்ளும். யூக்ளிட் படிக்காதவர்கள் செய்த க்ஷேத்திர கணிதம் இது. பள்ளிக்கூடத்தில் இதே பாடத்தை நான் இரண்டு தடவை கோட்டை விட்டிருக்கிறேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதே முறையைத்தான் வெள்ளைக்காரர்களும் பெரிய அளவில் செய்தார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகில் ஒரு நேர்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வரையில் கட்டிக்கொண்டே வந்தார். தமிழ்நாட்டுச் சமவெளியில் குன்றுகள் குறைவு. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் அரை டன் கனமுள்ள கோணமானியை ஏற்றினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, யந்திரம் சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனிதர் கலங்காமல் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் அதைத் தட்டி நிமிர்த்தினாராம். நம்முடைய கோபுரங்கள் சாமிக்கு மட்டுமல்லாமல் சர்வேக்கும் மீன்பிடிக்கும் பயன்பட்டிருக்கின்றன.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடுபனி விழுந்தால், இருட்டிவிட்டால், கரை மறையும் தூரம் போய்விட்டால் எல்லாம் போச்சு. எங்கே போனாலும் தெரியும்படியான கோபுரம் வேண்டுமானால் அதை ஆகாயத்தில்தான் கட்ட வேண்டும்.

அதைக் கட்டலாம் என்ற யோசனை வந்த கதை ரஸமானது. 1957 அக்டோபர் 4-ந் தேதி ருஷ்யா ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்டது. நம் பத்திரிகைகள் 'செயற்கைச் சந்திரன்' என்று பெரிய எழுத்தில் போட்டன. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் அதன் 'பீப், பீப்' சத்தத்தை ரேடியோவில் கேட்டார்கள். ரயில் நம்மை நெருங்கும்போது ஊதலின் சுருதி ஏறி, கடந்து போகும்போது இறங்குகிறதல்லவா? அதே மாதிரி ஸ்புட்னிக்கின் சுருதியும் மாறியது. அந்த மாற்றத்தை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர்களுடைய மேலதிகாரி மக்ளூர் அழைத்து, "நீங்கள் இருக்கும் இடம் தெரிந்ததால் அது போகும் பாதையைக் கண்டுபிடித்தீர்கள். அது போகும் பாதை தெரிந்தால் நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். கேள்வியைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான்! டிரான்ஸிட் என்ற முதல் வழிகாட்டிச் செயற்கைக் கோள்கள் அதிலிருந்து பிறந்தன. பிறகு 1973-ல் ஜி.பி.எஸ். திட்டம் தீட்டப்பட்டு, 1978-ல் அதன் முதல் கோள் மேலே போயிற்று.

ஜி.பி.எஸ்.ஸின் சூட்சுமம் முழுவதும் கடிகாரத்தில் இருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும், "நான் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். நாலாவது ஒன்று எதற்கு என்று கேட்பீர்கள். நம் கையில் இருக்கும் செல்போனின் கடிகாரம் மட்டமான சரக்கு. அதன் தவற்றையும் கண்டுபிடித்துத் திருத்த நாலாவது வேண்டும். வெளிச்சம் ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஓர் அடி தூரம் போய்விடுகிறது. ஆகவே கடிகாரம் அந்த அளவுக்குச் சரியாக ஓட வேண்டும். இதில் ஐன்ஸ்டைன் வேறு வந்து குறுக்கிடுகிறார். உயரத்தில் இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைக் காட்டிலும் நாளொன்றுக்கு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிசகிவிடும். திருச்செந்தூரில் படுத்துத் தூங்கியவன் மறுநாள் குலசேகரன்பட்டினத்துப் பக்கம் விழிக்க வேண்டியதுதான்.

அமெரிக்கர்கள் இதை ராணுவத்துக்காகச் செய்தார்கள். 1983 செப்டம்பர் 1-ந் தேதி கொரிய நாட்டுப் பிரயாணி விமானம் ஒன்று வழி தவறி ருஷ்ய எல்லைக்குள் போய்விட்டது. ருஷ்யர்கள் அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டார்கள். இடம் தெரியாமல் போனதற்கு அத்தனை பெரிய விலை! அதன் பிறகுதான் ஜனாதிபதி ரேகன், ஜி.பி.எஸ். முடிந்ததும் எல்லா நாட்டு ஜனங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அறிவித்தார். திறந்தார்கள், ஆனால் வேண்டுமென்றே கொஞ்சம் பொய் கலந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 100 மீட்டர் வரையில் தவறு இருக்கும்படி கடிகாரத்தைக் குலுக்கிவிட்டார்கள். அந்தக் கலப்படம் நின்றது 2000-ம் வருஷம் மே மாதம். சொந்தக் கடிகாரம் இல்லாதவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் மணி கேட்டால், அவன் இஷ்டப்பட்ட மணியைத்தான் சொல்வான்.

இனி செல்போனுக்கு வருவோம். 1999-ல் ஃபின்லாந்தில் பெனிஃபான் என்ற கம்பெனி ஜி.பி.எஸ். உள்ள செல்போனை வெளியிட்டது. ஆனால் செல்போனுக்குள் அதை ஒழுங்காக வேலை செய்ய வைப்பது லேசான காரியம் அல்ல. வானத்திலிருந்து வரும் சமிக்ஞை மிகமிக மெல்லியது. 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் வீட்டு விளக்கு ஒன்று எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்ப்பது போல. கருங்கல் சுவர் பக்கத்தில் நின்றால் சில சமிக்ஞைகள் மறைந்துவிடும்; சில சுவரில் பட்டுத் திரும்பிச் சுற்று வழியாக வரும். சுற்றி வந்த நேரத்தையும் செல்போன் தூரமாகக் கணக்கிட்டுவிடும். என்னைக் கடலில் தள்ளிய மர்மம் இதுதான். செந்திலாண்டவன் கோயில் மதில் ஒரு பாவமும் அறியாது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கஷ்டம் இருக்கிறது. கோள்கள் தங்கள் இருப்பிடச் செய்தியை மெதுவாகச் சொல்கின்றன. ஒரு கோள் தன் பாதையைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம். எல்லாக் கோள்களின் ஜாபிதாவையும் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிஷம். ஊருக்குள் நாம் இவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. ஏனென்றால் செல்போன் கோபுரமே அந்தச் செய்தியை இண்டர்நெட் மூலம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. நாமும் செல்போன் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்வதாக நினைத்துக்கொள்கிறோம். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அந்த உதவி அறுந்துவிடும். அப்போது செல்போன் வானத்தை நோக்கிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். படகு ஆடும், செல்போன் பிளாஸ்டிக் பையில் சட்டைப்பைக்குள் கிடக்கும், நடுவில் ஒரு சொல் தவறினால் அடுத்த சுற்று வரையில் காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, நம் பகுதிக்கென்றே ஒரு தனித் தொல்லை இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரஸ்தாவில் வந்தால் கிருஷ்ணாபுரம் வரும். வெங்கடாசலபதி கோயிலின் சிற்பத் தூண்களைப் பார்ப்பதற்காக வண்டியை நிறுத்தாதவர் இல்லை. குறத்தியும் வீரபத்திரரும் கல்லில் நிற்கிற அழகை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் கழகத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருப்பதை எத்தனை பேர் அறிவார்கள்? நானே பல வருஷம் அறியாமல் தூண்களை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அந்த ஆராய்ச்சிக்கூடம் அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. பூமிக்கு நடுவில் பூமத்திய ரேகை இருப்பதுபோலக் காந்த மத்திய ரேகை என்று ஒன்று இருக்கிறது. செங்குத்தாக ஆடும்படி கட்டிய காந்த ஊசி அந்த ரேகையின் மேல் எந்தப் பக்கமும் தலை சாய்க்காமல் படுக்கையாக நிற்கும். அந்த ரேகை இந்தியாவின் தென்கோடியில், நம் திருநெல்வேலிச் சீமைக்கு வெகு அருகில் போகிறது. 1963 நவம்பர் 21-ந் தேதி இந்தியாவின் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்ததும் இதே காரணத்தால்தான். கிருஷ்ணாபுரத்தில் 1992-லிருந்து ரேடார் வைத்து மேல் ஆகாயத்தைக் கவனித்து வருகிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது மேல் ஆகாயத்தில்? ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு மேலே வெயில் காற்றணுக்களை உடைத்து மின்சாரத் துகள்களாக்கி வைத்திருக்கிறது. அதற்கு அயன மண்டலம் என்று பெயர். செயற்கைக் கோளின் சமிக்ஞை அதற்குள் புகுந்து வரும்போது, சேற்றில் நடப்பவன் கால்போல, தாமதப்படுகிறது. தாமதம் என்றால் தூரத் தவறு. காந்த மத்திய ரேகைப் பிரதேசத்தில் பகல் நேரத்தில் இந்தத் துகள்கள் நீரூற்றுப் போல மேலே எழும்பி இரு பக்கமும் வழிகின்றன. பொழுது சாய்ந்த பிறகு இன்னும் விசேஷம். அடியிலிருந்து குமிழிகள் கிளம்பிக் கொதிக்கும் கஞ்சிபோல மேலே வருகின்றன. அந்தக் குமிழிகளுக்குள் மாட்டிக்கொண்ட சமிக்ஞை, நட்சத்திரம் மினுக்குவதுபோல மினுக்குகிறது. சில சமயம் அறுந்தே போகிறது. மேல்நாட்டில் செய்து அங்கேயே பரீட்சை பார்த்த கணக்கு நம் ஆகாயத்துக்குப் பொருந்தாமல் போவதில் ஆச்சரியம் என்ன? விமானங்களுக்காக இந்தியா 'ககன்' என்ற திருத்தும் முறையை ஏற்படுத்தியபோது, இந்த அயன மண்டலத்துக்காகத் தனிக் கணக்கே போட வேண்டியிருந்தது. 2015 ஏப்ரலில், விமானம் இறங்குவதற்கு வழிகாட்டவும் ககனுக்கு அங்கீகாரம் கிடைத்தது. காந்த மத்திய ரேகைப் பிரதேசத்தில் அப்படி ஒன்றை முதலில் நடத்திக் காட்டியது நம் நாடுதான்.

தாமதத்தைக் கண்டுபிடிக்க ஓர் அழகான யுக்தி உண்டு. தாமதம் எல்லா அலைவரிசைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே ஒரே கோள் இரண்டு அலைவரிசைகளில் பேசினால், எது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று பார்த்து, நடுவிலிருக்கும் சேற்றின் ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். 2006-ல் சர்க்கார் அனுமதி பெற்ற நமது சொந்த ஏற்பாடான 'நாவிக்' இந்த யுக்தியோடுதான் பிறந்தது. ஏழு கோள்கள், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம். உலகம் முழுவதும் சுற்றாமல் இந்தியாவையும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் தூரத்தையும் மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும். கருடன் அந்த ஒரே இடத்தில் வட்டமிட்டதுபோல. முதல் கோள் 2013 ஜூலை 1-ந் தேதியும், ஏழாவது 2016 ஏப்ரல் 28-ந் தேதியும் பறந்தன.

பிறகு வந்தது சோதனை. முதல் கோளில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் 2016-லேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப் போயின. அவை ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை. ஐரோப்பியர்களின் சொந்தக் கோள்களிலும் அதே தொல்லை நேர்ந்தது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு மணி பார்க்க முடியாது! மாற்றுக் கோள் ஒன்றை 2017 ஆகஸ்டில் அனுப்பினார்கள். ராக்கெட்டின் மூடி கழலாமல் அது உள்ளேயே அடைபட்டுவிட்டது. 2018-ல் போனது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

அதைவிட எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. நாவிக் கோள்கள் பேசிய இரண்டு அலைவரிசைகளும் அன்றைய சாதாரணச் செல்போனுக்குக் கேட்காது! செல்போன்கள் எல்லாம் ஜி.பி.எஸ்.ஸின் பழைய அலைவரிசையை மட்டுமே கேட்கும்படி செய்யப்பட்டவை. மேலே நம் சொந்தக் கோபுரங்கள் நின்று கூவிக்கொண்டிருந்தன; கீழே கோடிக்கணக்கான ஜனங்கள் காதில்லாத கருவிகளை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020-ல்தான் நாவிக்கைக் கேட்கும் சில செல்போன்கள் கடைக்கு வந்தன. 2022-ல் சர்க்கார், எல்லாச் செல்போன்களிலும் நாவிக் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியபோது, செலவு அதிகம், அவகாசம் போதாது என்று கம்பெனிகள் முணுமுணுத்தன. வியாபாரிகள் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நாம் கோள்களைக் கட்டும்போதே ஜனங்களின் சட்டைப்பையை நினைத்துப் பார்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சமையலை முடித்துவிட்டு இலைக்கு ஆள் அனுப்பிய கதையாகிவிட்டது. 2023 மே 29-ந் தேதி பறந்த புதுக் கோளில் இந்தக் குறை தீர்ந்தது. செல்போனுக்குப் பழக்கமான அலைவரிசையிலும் அது பேசுகிறது. உள்ளே ஆமதாபாத்தில் செய்த நம் சொந்த அணுக் கடிகாரம் இருக்கிறது.

அதற்கடுத்த கோள் 2025 ஜனவரி 29-ந் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ராக்கெட்டில் விமரிசையாகக் கிளம்பியது. மேலே போனபின் ஒரு வால்வு திறக்க மறுத்துவிட்டது. கோள் தன் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வருஷம் ஜூலையில் சர்க்கார் பார்லிமெண்டில் கொடுத்த கணக்குப்படி, அதுவரை அனுப்பிய 11 கோள்களில் இடம் காட்டும் வேலையைச் செய்தவை 4. வேறு 4 கோள்கள் செய்தி அனுப்ப மட்டும் பயன்பட்டன. இடம் காட்டக் குறைந்தது நான்கு வேண்டும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது பாருங்கள்!

இப்போது அமலி நகர்ப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கடலில் தப்பினால் என்ன ஆகும்? மன்னார் வளைகுடாவில் 1976-ம் வருஷ ஒப்பந்தப்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஓர் எல்லைக் கோடு இருக்கிறது. தண்ணீரில் கோடு தெரிவதில்லை. தாண்டினால் படகு போகும். ஆளும் சிறைக்குப் போக நேரும். அதைவிடப் பெரியது 2017 நவம்பர் 30-ந் தேதி வந்த ஒக்கிப் புயல். குமரிக் கரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. புயல் வருகிறது என்ற செய்தி கரைக்கு வந்து சேர்ந்தது. தெரிய வேண்டியவர்களுக்குச் சொல்ல வழியில்லை. அவர்களில் பலரிடம் ஜி.பி.எஸ். கருவி இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

"எங்க அக்கா மருமவன் ஒருத்தன் போனான்யா, குமரிப் பக்கம். பெட்டியில எடம் காட்டிக்கிட்டேதான் இருந்திருக்கும்" என்றார் பெரியவர். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

அந்தப் புயலுக்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. நாவிக் மூலம் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகளைக் கொடுத்தார்கள். 2019 அக்டோபர் 9-ந் தேதி 'ஜெமினி' என்ற சிறு பெட்டி வெளியாயிற்று. ககன் கோளிலிருந்து வரும் புயல் செய்தியையும் மீன் கிடைக்கும் இடத்தையும் வாங்கி, செல்போன் கோபுரம் எட்டாத இடத்திலும், பக்கத்திலிருக்கும் செல்போனுக்குக் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கேட்குமே தவிரப் பேசாது. மூழ்குகிறவன் கை தூக்க முடியாது. படகிலிருந்து பதில் சொல்லக்கூடிய கருவிகளை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஒக்கி வந்து ஏழாவது வருஷம்.

குலசேகரன்பட்டினத்துக்கும் போய்வந்தேன். முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் போட்டுக்கொண்டு ஜனங்கள் வரும் அந்த ஊரில், 2024 பிப்ரவரி 28-ந் தேதி ராக்கெட் தளத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். தெற்கே கடலைத் தவிர ஒன்றுமில்லாததால், இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தெற்கு நோக்கிப் பறக்கலாம். இங்கிருந்து போகப் போகிறவை சிறு ராக்கெட்டுகள். நாவிக் போன்ற பெரிய கோள்களை அவை தூக்க மாட்டா. உள்ளூர்க்காரர்கள் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை. "இனி ஜி.பி.எஸ். இங்கேருந்தே போவும்" என்று ஒரு டீக்கடையில் பந்தயம் கட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தப் போகவில்லை.

திரும்பி வந்தபோது பெரியவரின் மகன் வள்ளத்தைத் தள்ளுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். அவனுடைய செல்போனை வாங்கிப் பார்த்தேன். பார்களின் பெயர்களும் எதிரே எண்களுமாக நீளமான ஜாபிதா.

"இதெல்லாம் உங்க அப்பா சொல்லிக் கொடுத்த இடமா?" என்று கேட்டேன்.

"பாதி அப்பா சொன்னது அண்ணாச்சி. பாதி கூட்டாளிய கிட்ட வாங்கினது."

பெரியவர் குறுக்கிட்டார். "எங்க அய்யா சாவுற மட்டும் ரெண்டு பாரை எங்க சித்தப்பனுக்குக்கூடச் சொல்லல. எனக்கு ஒரு பாரைக் காட்ட மூணு வருசம் கூட்டிக்கிட்டு அலைஞ்சாரு. இவன் அதை ஒரு மெசேஜில அனுப்பிட்டான். இப்ப அங்க போனா இருபது வள்ளம் நிக்கி."

மகன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "அனுப்பாட்டி அவனுவ நமக்கு அனுப்புவானுவளா அப்பா?" என்றான். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது.

செல்போனை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டினான். வள்ளம் இரண்டு அலைகளைத் தாண்டியது. மூன்றாவது அலைக்கு முன்னால் அவன் திரும்பி, மேற்கே கோபுரம் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"சாமி கும்பிடுகிறானோ?" என்றேன்.

"அந்தோணியார் மெடல் போட்டுருக்கான்யா" என்றார் பெரியவர். "கோபுரத்துல லைட்டு போட்டாச்சான்னு பாக்குதான்."

போட்டிருந்தார்கள்.